நீலம் போன நகல்

ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே ஒரு ரோட்டைத் தேடி அரை நாள் அலைந்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. கையில் இருந்தது ஒரு ஜெராக்ஸ். சரியாகச் சொன்னால் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வெள்ளைக்காரன் காலத்தில் சர்வே ஆஃப் இந்தியா அச்சிட்ட தாளை நண்பர் ஒருவர் எங்கோ நகலெடுத்து வைத்திருந்தார். அதிலிருந்து எனக்கு ஒரு நகல். ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ஆற்றுக்குத் தெற்கே இரட்டைக் கோடாக ஒரு பாதை வளைந்து வளைந்து போகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு சின்னக் குளம். குளத்துக்கு அந்தப் பக்கம் நாலைந்து புள்ளிகளாக ஒரு குடியிருப்பு. எங்கள் தாத்தா பிறந்த ஊர் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

தாளில் இருந்த ரோடு தரையில் இல்லை. வாழைக்குள் புகுந்து, வரப்பில் தடுமாறி, கடைசியில் ஒரு வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று, "என்ன தேடுதிய?" என்றார். அந்தப் பற்றுக்கு நீர்ப்பாய்ச்சி அவர். எந்த வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்ற கணக்கு முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. தாளை விரித்துக் காட்டினேன். தலைகீழாக ஒரு தரம் பார்த்தார், பிறகு நேராகத் திருப்பினார்.

"தம்பி, இது ரோடு இல்லல்லா. காலுல்லா. நீங்க அது கரையிலதான உக்காந்திருக்கிய."

எங்கள் பக்கம் வாய்க்காலைக் கால் என்றுதான் சொல்வது. தென்கால், வடகால், கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால். மூலத்தாளில் அந்தக் கால் நீல மையில் ஓடியிருக்கும். 1905இல் ஒரு குழு கூடிப் பரிந்துரை சொன்ன பிறகு சர்வே ஆஃப் இந்தியாவின் தாள்கள் பல வண்ணத்துக்கு மாறின. தண்ணீருக்கு நீலம், சாலைக்கும் வீடுகளுக்கும் சிவப்பு, மேடுபள்ளக் கோடுகளுக்குப் பழுப்பு, காட்டுக்குப் பச்சை, பயிர் நிலத்துக்கு மஞ்சள், எழுத்துக்குக் கறுப்பு. ஜெராக்ஸ் இயந்திரம் இத்தனையையும் ஒரே கறுப்பாக்கிக் கையில் கொடுத்துவிட்டது. வேறு ஜில்லாவாக இருந்தால் சமாளித்திருக்கலாம். தாமிரபரணிப் படுகையில் நீலம் போய்விட்டால் முகவரியே போய்விடுகிறது.

மிகையாகச் சொல்லவில்லை. பொதிகையில் இறங்கிப் புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை இந்த ஆறு ஓடுவது சுமார் 125 கிலோமீட்டர். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றிலிருந்தும் கால்கள் பிரிந்து, குளத்தில் விழுந்து, மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகின்றன. இந்தக் கரையில் ஒருவரிடம் "உங்க ஊர் எங்க?" என்று கேட்டால் முந்தின தலைமுறை பஸ் ரூட்டைச் சொல்லாது. எந்தக் கால், எத்தனையாவது மடை, எந்தக் குளத்துக்கு மேல், கீழ் என்றுதான் பதில் வரும். எங்கள் ஆச்சி எனக்கு விட்டுப்போன குடும்ப வரலாறு மொத்தமும் மூன்றே வாக்கியம்: "தெங்கால்ல ரெண்டாம் மடை. கொளத்துக்கு அக்கர. அங்கனதான் நம்ம சாத்தா இருக்காரு."

தாத்தா சிறுவயதில் தூத்துக்குடிக்கு மில் வேலைக்கு வந்தவர். ஊருக்குத் திரும்பவில்லை, ஏன் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஊர்ப் பெயர்கூட வீட்டில் இரண்டு விதமாகப் புழங்கியது.

ஆச்சி வாயில் சாத்தா என்று வந்த சாஸ்தா என்றால் என்னவென்று நெல்லைச் சீமைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தைக் காட்டும் சீட்டு அதன் சாஸ்தா. பங்குனி உத்திரத்தன்று எங்கிருந்தாலும் வண்டி பிடித்து, ஊருக்கு வெளியே குளக்கரையிலோ உடைமரக் காட்டுக்குள்ளோ தேரி என்னும் செம்மணல் மேட்டிலோ இருக்கும் தங்கள் சாஸ்தாவைத் தேடிப் போவார்கள். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார், மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடமும் பெயரும் உண்டு. சாதி, சொத்து, கல்வி எல்லாம் மாறிப்போன குடும்பத்திலும் இந்த ஒரு நாள் பயணம் மாறுவதில்லை. சாஸ்தா யாரென்றே மறந்துபோனவர்களுக்கும் வழி உண்டு: பாபநாசத்துக்கு மேலே காரையாறில் இருக்கும் சொரிமுத்து அய்யனார். அவர்தான் ஆதி சாஸ்தா, அவரைக் கும்பிட்டால் எல்லாச் சாஸ்தாவையும் கும்பிட்ட கணக்கு என்பது நம்பிக்கை. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே காரையாறுதான்.

ஆக, நான் தேடிப் போனது வரைபடப் பித்தினால் மட்டும் இல்லை. ஆனால் பித்தும் அன்றைக்குத்தான் பிடித்தது.

முதலில் செய்தது, கையில் இருந்த தாளுக்கு வயது கண்டுபிடித்தது. ஓரம் போன தாளில் ஆண்டு இருக்காது. உள்ளே இருப்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு இருந்தது. அது எட்டிலும் கடைசி. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆங்கிலேயர் கட்டியது. "பாண்டியராசா வெட்டுன கால்" என்று ஆச்சி தென்காலைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாள். அணைக்கட்டு பாண்டியர் காலத்தது இல்லை. காலின் சில துண்டுகள் அதற்கு முன்பே குளத்துக்குக் குளம் ஓடிய ஓடைகளாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான் ஆச்சிக்காக வாதாட முடியும். திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில்பாதை தாளில் இல்லை. அது திறந்தது 1923இல். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ அளந்த தாள். பின்னாளில் ஒரு நூலகத்தில் வண்ணத்தில் மூலத்தைப் பார்த்தபோது அடிக்குறிப்பில் இருந்த ஆண்டும் அந்த இடைவெளிக்குள்தான் விழுந்தது. பரீட்சையில் தேறியதுபோல் ஒரு சந்தோஷம்.

இந்த வித்தையை யாரும் செய்யலாம். வண்ணாரப்பேட்டைக்கும் கொக்கிரகுளத்துக்கும் நடுவே பாலம் இருந்தால் தாள் 1843க்குப் பிந்தையது. சுலோசன முதலியார் பாலம் அந்த ஆண்டில்தான் திறந்தது. திருநெல்வேலிக்கு ரயில் கோடு வந்திருந்தால் 1876க்குப் பின். முதலூர் என்ற பெயர் இருந்தால் 1799க்குப் பின்; திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட முதல் ஊர் அது, பெயரே அப்படித்தான் வந்தது. ஒரு எச்சரிக்கை: இருந்தால்தான் சாட்சி. ரயில்பாதை மாதிரிப் பெரியதைத் தவிர, இல்லாதது எதையும் நிரூபிக்காது. அளக்க வந்தவனுக்கு வேண்டாத ஊரைத் தாளில் ஏற்றாமலே போயிருப்பான்.

அளக்க வந்தவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது? வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலையருகே அடிக்கோடு போட்டு முக்கோணங்களாகத் தெற்கே இறங்கி வந்தவர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார். மறு ஆண்டு பாளையங்கோட்டைப் பக்கம் இன்னொரு அடிக்கோட்டை அளந்து கணக்கைச் சரிபார்த்துக்கொண்டார். அவருக்குப் பூமியின் வடிவம் வேண்டியிருந்தது. பொதிகையும் மகேந்திரகிரியும் அவருக்குக் கோணம் பார்க்கும் உச்சிகள். கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பது அவர் கேள்வியே இல்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கேள்வி தெளிவாக இருந்தது: எந்த வயல், எவ்வளவு, யார் கட்டுவது. 1850களின் பின்பாதியில் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ரெவின்யூ சர்வே ஒவ்வொரு புலத்தையும் சங்கிலி இழுத்து அளந்தது. எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 1620இல் வடிவமைத்த சங்கிலி: 66 அடி, நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். "மூணு சென்ட் இடம் வாங்கியிருக்கேன்" என்று நாம் இன்றைக்குச் சொல்லும்போது அந்தச் சங்கிலியைத்தான் இழுக்கிறோம். அதற்கு முன் இங்கே நிலத்துக்கு அளவு விதைதான். இத்தனை மரக்கால் விதைப்பாடு, இத்தனை கோட்டை விதைப்பாடு என்று பழைய கிரயப் பத்திரங்களில் இருக்கும். ஈரமும் வளமும் சேர்ந்த அளவு அது. ஒரே மரக்கால் விதை ஆற்றோர வயலில் ஒரு பரப்பு பிடிக்கும், தேரியோரத்தில் வேறு பரப்பு. சங்கிலிக்கு அந்தப் பேதம் தெரியாது. அதற்காகச் சங்கிலியைத் திட்டவும் மாட்டேன். விதைப்பாட்டுக் கணக்கில் ஏமாந்தவன் எப்போதும் சின்ன விவசாயிதான்.

கிராம வரைபடமும் புலப்படமும் இந்த அளவையின் பிள்ளைகள். கிராம வரைபடம் மைலுக்குப் பதினாறு அங்குலம். ஒவ்வொரு வயலும் நம்பரோடு தெரியும். குடும்ப வரலாறு தேடுகிறவர் முதலில் ஆசையாக விரிப்பது இதைத்தான். விரித்ததும் ஒரு வேடிக்கை காத்திருக்கும். வயல்களெல்லாம் கண்ணி சுத்தமாக அளந்து கிடக்க, ஊர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் கட்டமாக இருக்கும். கிராம நத்தம். மொத்த ஊருக்கும் ஒரே புல எண். உள்ளே தெரு இல்லை, வீடு இல்லை. நத்தத்துக்குத் தீர்வை கிடையாது. தீர்வை இல்லாத இடத்தை அளந்து அரசாங்கத்துக்கு என்ன லாபம்? வீட்டு மனைகளை உட்பிரிவு செய்து அளந்தது 1980களின் கடைசியில் வந்த நத்தம் நிலவரித் திட்டத்தில்தான். தாத்தா எந்த வீட்டில் பிறந்தார் என்ற கேள்வியோடு நூறு வருஷத்துக் கிராம வரைபடத்திடம் போனால், பக்கத்து வயலின் நீளத்தை அங்குலம் பிசகாமல் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளும்.

நிலம் இருந்த குடும்பங்களுக்காவது ஏ ரிஜிஸ்தர் என்ற நிலப் பதிவேட்டில் ஒரு பெயர், கர்ணத்தின் கையெழுத்தில் ஓர் அடங்கல் வரி. 1980களில் யூடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் வந்து பட்டாக்களை மாற்றி எழுதியபோது விழுந்த பிழைகளைப் பற்றி வக்கீல்களிடம் கேட்டால் ஒரு மாலை போதாது; "யூடிஆருக்கு முந்தின ஏ ரிஜிஸ்தர் இருக்கா?" என்பதுதான் நிலத் தகராறில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. நிலமே இல்லாதவர்கள் கதை வேறு. அந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாக நட்டவர்களும் அறுத்தவர்களும் இந்தத் தாள்களில் எந்த வரியிலும் இல்லை. ஊரிலிருந்து தள்ளி இன்னொரு சின்னக் கட்டம், சேரி என்று ஒரு சொல், கொஞ்சம் தள்ளி ஒரு இடுகாடு. அவ்வளவுதான் அவர்களுடைய பூர்வீகம் என்று இந்தக் காகிதம் நம்பச் சொல்கிறது. 1892 அரசாணைக்குப் பிறகு தலித் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களைத் தேடுகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பழைய பதிவேடுகள் ஆயுதமாகியிருக்கின்றன. நிபந்தனையோடு கொடுத்த நிலம் எந்த எண்ணில் இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதற்குப் பழைய நகல் ஒன்று கையில் வேண்டும். அலுவலகங்கள் அந்த நகலைத் தரத் தயங்குவதும் அதனால்தான் என்பது என் சந்தேகம்.

ஊரையே தாளிலிருந்து எடுத்த கதையும் இந்தச் சீமையில் உண்டு. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அவர் தம்பி ஊமைத்துரை திரும்பி வந்து கட்டி எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801 மே மாதம் விழுந்தது. கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்து, அந்தப் பெயரையே கணக்குகளிலிருந்து நீக்கினார்கள் என்று மாவட்ட வரலாறுகள் சொல்கின்றன. பெயரை அடித்தால் ஊர் போய்விடும் என்று நம்பியவர்களுக்கு வரைபடத்தின் மேல் இருந்த பக்தி, கட்டபொம்மன் கும்மி பாடிய பெண்களுக்கு இல்லை. 1974இல் அங்கே அரசு நினைவுக் கோட்டை கட்டியது. இன்றைய எந்தத் தாளிலும் பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது.

நகலின் நகல் என்று சலித்துக்கொண்டேனே, அதற்கும் பழைய வம்சம் உண்டு. நம் ஆறு ஏறிய மிகப் பழைய வரைபடம் கிரேக்க அறிஞர் தாலமியுடையது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. பெத்திகோ மலையில் பிறந்து சோலேன் என்ற ஆறு இறங்குகிறது, கரையோரத்தில் கொல்கோய். பொதிகை, தாமிரபரணி, கொற்கை என்று கால்டுவெல் முதலானோர் அடையாளம் சொன்னார்கள். ஆனால் தாலமி கையால் வரைந்த தாள் எதுவும் உலகத்தில் இல்லை. அவர் எழுதி வைத்த இடப்பெயர்களையும் பாகைக் கணக்கையும் கொண்டு ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு பைசாந்தியத் துறவிகள் மறுபடி வரைந்தார்கள். அதைப் பார்த்து 1477இல் போலோஞாவிலும் 1482இல் உல்மிலும் அச்சிட்டார்கள். அதில் இந்தியாவின் தெற்கு முனை நசுங்கிப்போய், தப்ரபனே என்ற இலங்கை யானைபோல் வீங்கிக் கிடக்கும். அந்தத் தீவின் பெயரும் நம் ஆற்றின் பெயரும் ஒன்றுதான் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இந்தக் கடற்கரையில் தாள்களை அடுக்கி வைத்துப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. தாலமிக்குக் கொற்கை துறைமுகம். மார்கோ போலோவுக்குக் காயல். போர்த்துக்கீசியருக்குப் புன்னைக்காயல். 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றிய பிறகு தூத்துக்குடி. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியிருக்கிறது. துறைமுகமும் மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கேயும் கடைசியில் வடக்கேயும் நகர்ந்திருக்கிறது. கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து "இங்கதான் கப்பல் நின்னுது" என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

இங்கிலாந்தில் இந்தப் பித்துக்குக் கடையே இருக்கிறது. ஆலன் காட்ஃப்ரே என்பவர் 1980களிலிருந்து பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே தாள்களைச் சுருக்கி மறுபதிப்பாக விற்கிறார். பின்பக்கம் அந்த ஊரைப் பற்றி ஒரு கட்டுரை. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த பாட்டனின் தெருவைப் பேரன் சில பவுனுக்கு வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். நமக்கு வாய்த்தது வேறு. கடற்கரையிலிருந்தும் எல்லையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டருக்குள் வரும் தாள்கள் ராணுவ ரகசியம் என்று பல பத்தாண்டுகள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டன. தாமிரபரணி உற்பத்தியாகும் பொதிகையே மேல்கடலிலிருந்து அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. முளைப்பதிலிருந்து முடிவது வரை மொத்த ஆறும் ரகசியம். இதற்கிடையில் அமெரிக்க ராணுவம் 1950களில் அச்சிட்ட இரண்டரை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவுத் தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தை ஆஸ்டின் நகரத்து உபயத்தில் பார்த்தவன் நான். 2005 வரைபடக் கொள்கையும் 2021 தளர்வும் வந்து இப்போது நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் சேப்பாக்கத்து மத்திய நில அளவை அலுவலகத்திலும் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலக ஆவண அறையிலும் மடித்த மடிப்பில் கிழிந்துகொண்டிருக்கும் பழைய கிராம வரைபடங்களை வண்ணத்தில் வருடி எடுத்து, தாளுக்கு இருநூறோ முந்நூறோ விலை வைத்து விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. முதல் பிரதி எனக்கு.

மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பூர்வீகம் தேடி வருகிறவர்களுக்கு இது இன்னும் அவசரம். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த பலரிடம் ஊரைப் பற்றி இருந்தது "திருநெல்வேலி ஜில்லா" என்ற இரண்டு சொல்தான். எந்தத் திருநெல்வேலி ஜில்லா? 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் போயின. 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து செங்கோட்டை வந்தது. 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019இல் தென்காசி. கொள்ளுப்பாட்டன் கப்பலேறிய ஆண்டு தெரியாமல் இன்றைய வரைபடத்தில் தேடினால் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் ஊரை ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது. போதாததற்கு யாழ்ப்பாணத்தில் வேறு ஒரு திருநெல்வேலி இருக்கிறது. ஆங்கிலத் தாள்களின் எழுத்துக்கூட்டல் அடுத்த கண்டம். டின்னவெல்லி, பாலம்கோட்டா, ஷெர்மாதேவி. கண்ணால் படித்தால் புரியாது. வாய்விட்டுப் படிக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரையின் காதில் நம் ஊர் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருக்கிறார்கள்.

நீர்ப்பாய்ச்சியிடம் நான் இரண்டாம் முறை போனது வண்ண நகலோடு. இந்தத் தடவை நீலத்தைப் பார்த்ததும் அவர் விரல் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. மேலே ஒரு மடையைக் காட்டி ஒரு பெயர் சொன்னார். அடுத்த மடைக்கு இன்னொன்று. ஒரு வளைவுக்குப் பெயர், ஒரு கல்லுக்குப் பெயர், ஆள் விழுந்து செத்த ஆழத்துக்குப் பெயர். தாளில் அச்சாகியிருந்தவை அந்தப் பக்கத்துக்கு ஒன்பது பெயர். அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் நான் எழுதியவை முப்பத்திரண்டு. சில பெயர்களுக்கு, "இதெல்லாம் எழுதாதிய" என்று சிரித்தார். அவற்றையும் எழுதிக்கொண்டேன்.

சின்னக் குளத்தைக் காட்டினேன். "அதுவா? அது போயிட்டுல்லா" என்றார். தூர்ந்துபோய், மேடாகி, மனை போட்டாகிவிட்டது. கூட்டிக்கொண்டு போனார். காங்கிரீட் வீடுகள், ஒரு செல்போன் கோபுரம், ஒரு ரேஷன் கடை. குளம் இருந்ததற்கு அடையாளம் கடைசித் தெரு மட்டும் கொஞ்சம் பள்ளமாக இறங்குவதுதான். இப்படிப் போன குளங்களுக்குப் பெயராவது மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையத்தை வேய்ந்தான்குளம் என்று ஊர் இன்னும் சொல்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு சிக்கி நின்றதே, அந்த வெள்ளத்தில் அந்தக் கடைசித் தெரு மூன்று நாள் தண்ணீருக்குள் இருந்ததாகத் தொலைபேசியில் சொன்னார்கள். நீர்ப்பாய்ச்சி அதற்குள் காலமாகியிருந்தார்.

தெருவைத் தாண்டி, ஒரு வேம்பின் அடியில், சுண்ணாம்பு பூசிய மூன்று மண் பீடங்களை அன்றைக்கு அவர் காட்டினார். கோயில் என்று குறியிடும் அளவுக்கு உயரம் இல்லாததால் எந்தத் தாளிலும் ஏறாதவை. நடுப் பீடத்தில் காய்ந்த மாலை ஒன்று கிடந்தது.

"சாத்தாவா?" என்றேன்.

"சாத்தான்னும் சொல்லுவாவ. மாடன்னும் சொல்லுவாவ. கும்புடுதவங்க வருசத்துக்கு ஒரு தரம் வேன்ல வாராவ. எந்த ஊருன்னு நான் கேட்டதில்ல."

தென்கால்தான். இரண்டாம் மடைதான். குளத்துக்கு அக்கரைதான். ஆனால் ஆச்சியின் மூன்று வாக்கியத்துக்கும் இதற்கும் நடுவே சாட்சி சொல்ல ஒரு ஆள் மீதியில்லை. பென்சிலில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அதை இன்றுவரை அழிக்கவும் இல்லை, மையால் எழுதவும் இல்லை. பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் இன்னும் காரையாறுக்குத்தான் போகிறோம்.